முப்பத்தொன்பது ஸ்டிக்கரும் ஒரு கை வைத்த நாற்காலியும்

சந்திரகலாவின் கம்ப்யூட்டர் திறக்கப் பதினோரு விநாடி. கம்பெனி இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. குணசுந்தரிதான் எண்ணி வைத்திருந்தாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று மாதமாக. தினம் காலை எட்டரைக்குத் தன் மேசையில் உட்கார்ந்து, பார்க்காத மாதிரி பார்த்து, உதடு அசையாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவாள். ஒரே ஒரு நாள் பதிமூன்று வரைக்கும் போயிற்று. அன்று முழுக்க அவளுக்கு மனசு லேசாக இருந்ததாம். மத்தியானம் சந்திரகலாவுக்குத் தன் டப்பாவிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டுகூட எடுத்துக் கொடுத்தாள் என்று கேன்டீனில் பேச்சு.

குணசுந்தரியுடையது திறக்க இருபத்திரண்டு நிமிஷம். பட்டனை அமுக்கிவிட்டு கேன்டீனுக்குப் போய், நாஷ்டாவை முடித்து, கை கழுவி, பெருக்குகிற அஞ்சம்மாளிடம் யார் வீட்டில் என்ன என்று முழுசாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். திறந்த பிறகாவது நிலைக்குமா என்றால் அதுவும் நாற்பது நிமிஷம்தான். கணக்கு வைத்த மாதிரி, பாதி எழுத்தில், பொசுக்கென்று இருட்டாகிவிடும். மறுபடி பட்டன், மறுபடி வட்டம், மறுபடி இருபத்திரண்டு நிமிஷம்.

"இன்னாக்கா, இன்னும் ஓபன் ஆவலயா? பாவம்க்கா நீங்க," என்பாள் சந்திரகலா, நாற்காலியை அரைவட்டமாகத் திருப்பிக்கொண்டு.

"அது கெடக்குதுமே. எனுக்கு இன்னா அவசரம், ரயிலா புடிக்கப் போறேன்," என்பாள் குணசுந்தரி.

மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்வாள். அந்த 'பாவம்' இருக்கிறதே, அதுதான் ஆரம்பாக்கம் வரைக்கும் ரயிலில் அவளோடு கூடவே வந்து, வீட்டில் சோறு போடும்போது கரண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு பேரும் வேலை செய்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், த்ரிவிக்ரமா ஃபாஸ்டனர்ஸ் என்கிற போல்ட் நட் கம்பெனியின் ஸ்டோர்ஸில். குணசுந்தரிக்குப் பதினான்கு வருஷ சர்வீஸ். சந்திரகலாவுக்கு நாலு. ஸ்டோர்ஸின் மூலையில் ஒரு கண்ணாடி அறை. அதில் தனி ஃபேன், தனி விளக்கு, கை வைத்த நாற்காலி ஒன்று. சீனியர் அசிஸ்டெண்டுக்கானது. அதில் இருந்தவர் தை மாதம் ரிட்டயரானதிலிருந்து நாற்காலி காலியாகக் கிடந்தது. குணசுந்தரி பதினான்கு வருஷமும் உட்கார்ந்தது பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் ஒரு கால் குட்டை. ஆள் இல்லாத ஒரு சாயங்காலம் கண்ணாடி அறைக்குள் போய் இரண்டு கையையும் நாற்காலியின் இரண்டு கைமேலும் வைத்து உட்கார்ந்து பார்த்தாளாம். அவள் சொல்லவில்லை. அஞ்சம்மாள் பார்த்தாள். அஞ்சம்மாள் பார்த்தால் பிறகு நாம் பார்த்த மாதிரிதான்.

அந்த நாற்காலி வைகாசி முதல் தேதி யாருக்கு என்று அறிவிப்பதாக இருந்தது. சர்வீஸைப் பார்த்தால் குணசுந்தரிக்கு. ஆனால் இப்போது சர்வீஸைப் பார்ப்பதில்லை. வேகக் குறியீடு பார்க்கிறார்கள்.

வேகக் குறியீட்டைக் கொண்டுவந்தவர் அருணாச்சலம். சொத்துப் பராமரிப்பு மற்றும் தொடர் மேம்பாட்டுப் பிரிவின் தலைமை மேலாளர். பெயர் நீளமாக இருப்பதால் எல்லோரும் அந்தப் பிரிவை 'மேம்பாடு' என்றே சொல்வார்கள். கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கியதிலிருந்து முதல் பதிவு போடும் வரை எத்தனை நிமிஷம் என்று எண்ணி, அதற்கு ஒரு மார்க் போட்டு, கேட் பக்கத்துப் பலகையில் போட்டோவோடு ஒட்டுவார்கள். வேகமானவருக்குப் பச்சைக் கட்டம், மந்தமானவருக்குச் சிவப்புக் கட்டம். சந்திரகலா பச்சைக் கட்டத்தில் சிரித்தாள். குணசுந்தரி சிவப்புக் கட்டத்தில், ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவில், யாரையோ காணாமல் தேடுகிற மாதிரி இருந்தாள்.

பொங்கலுக்குப் பிறகு ஸ்டோர்ஸுக்கு ஒரே ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்தது. யாருக்குத் தருவது என்று மேம்பாடு கூடிப் பேசியது. வேகக் குறியீடு அதிகமாக இருப்பவருக்குத் தந்தால்தான் வேகம் வீணாகாது என்று முடிவாயிற்று. இப்படியாக, வேகமான கம்ப்யூட்டர் வைத்திருந்தவளுக்கு அதைவிட வேகமான கம்ப்யூட்டர் கிடைத்தது. சந்திரகலா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் மணிபிளான்ட் வைத்தாள்.

"செடிக்குக்கூட அந்த மேசதான் புடிக்குது. என் மேசைல வச்சா ரெண்டு நாள்ல பழுத்துடுது," என்று குணசுந்தரி புருஷனிடம் சொன்னாள்.

துளசிராமன் இரண்டு ஏக்கர் நெல் வைத்திருப்பவர். "அது கம்ப்யூட்டரா, நம்ம வயக்காட்டு மோட்டாரா? மெதுவா ஓடுதுன்னா கழட்டிப் பாக்கச் சொல்லு. இதுக்கு எதுக்கு மூஞ்சிய தூக்கி வச்சிக்கினுகீற?" என்றார்.

கழற்றிப் பார்க்கச் சொல்வதற்கும் ஒரு வழி இருந்தது. புகார் செய்யும் படிவம். அது கம்ப்யூட்டரிலேயே இருந்தது. எந்தக் கம்ப்யூட்டரில் பழுதோ அதே கம்ப்யூட்டரிலிருந்துதான் புகார் அனுப்ப வேண்டும், அப்போதுதான் சொத்து எண் தானாக ஏறும் என்பது விதி. முதல் பக்கத்தில் பெயர், பிரிவு, ரத்த வகை. இரண்டாம் பக்கத்தில் பழுதின் வரலாறு. மூன்றாம் பக்கத்தில், 'இந்தப் பழுதினால் உங்கள் மகிழ்ச்சி எவ்வளவு குறைந்துள்ளது? ஒன்றிலிருந்து பத்துக்குள் குறிப்பிடவும்.' குணசுந்தரி பத்து என்று அடிக்கக் கையைக் கொண்டுபோவாள். பொசுக்.

ஏழு முறை. ஏழு முறையும் மூன்றாம் பக்கத்தில் பொசுக். பாதியில் நின்ற புகாரை மேம்பாட்டின் கம்ப்யூட்டர் 'ஊழியரே திரும்பப் பெற்றார்' என்று பதிந்துகொண்டது. ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டிலிருந்து மணிகண்டன் வந்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டினான்.

மணிகண்டனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நல்ல பையன், முப்பது வயது, வாயில் பதில் வராது. இடுப்பில் பஸ் கண்டக்டர் மாதிரி ஒரு பை, அதில் ஆறு நிறத்தில் ஸ்டிக்கர் சுருள். மேம்பாடு எதைச் செய்தாலும் ஸ்டிக்கர் ஒட்டினால்தான் செய்ததாகக் கணக்கு. வருஷா வருஷம் சொத்து சரிபார்த்ததற்கு ஒன்று, மின்சிக்கனம் பார்த்ததற்கு ஒன்று, கரப்பான் மருந்து அடித்ததற்கு ஒன்று. எங்கே ஒட்ட வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. தட்டையான இடம், நடந்து போகிறவர் கண்ணில் படுகிற பக்கம். குணசுந்தரியின் கம்ப்யூட்டர் பெட்டியில் முன்பக்கம் பட்டன், பின்பக்கம் ஒயர், மேல்பக்கம் டிபன் பாக்ஸ்கள். மிச்சம் இருந்தது நடைபாதையைப் பார்த்த பக்கத்துத் தகரம். அதில் சல்லடை மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள் இருந்ததாம் ஒரு காலத்தில். பதினோரு வருஷத்து ஸ்டிக்கர் இருபத்தாறு ஏற்கெனவே அங்கே இருந்தது. இப்போது முப்பத்து மூன்று.

டிபன் பாக்ஸ் ஏன் அங்கே என்று கேட்பீர்கள். அந்தப் பெட்டிமேல் காலை பத்து மணிக்கு வைத்தால் ஒரு மணிக்கு சாம்பாரில் ஆவி வரும். ஸ்டோர்ஸ் முழுக்க அங்கேதான் வைத்தார்கள். "உன் கம்ப்யூட்டரு ராசியான கம்ப்யூட்டரு," என்று எல்லோரும் சொன்னார்கள். எதற்காக இவ்வளவு சூடு என்று ஒருவரும் கேட்கவில்லை. சூடான சோறு கிடைக்கும்போது யார் கேட்பார்கள்?

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் குணசுந்தரியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். புகார் விஷயம்தான் என்று அவளும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தார்கள். 'தன்னிறைவு ஊழியர்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

அருணாச்சலம் மைக்கைப் பிடித்தார். "மற்றவர்கள் புகார் செய்து கம்பெனியின் நேரத்தை எடுக்கிறார்கள். இந்த அம்மா ஏழு முறை புகார் செய்ய நினைத்திருக்கிறார். ஏழு முறையும் மனம் மாறியிருக்கிறார். இந்த மனமாற்றத்தைத்தான் நாம் தொடர் மேம்பாடு என்கிறோம். நான் காக்களூர் யூனிட்டில் பொறுப்பேற்றபோது மாதம் நூற்று நாற்பது புகார். இரண்டே வருஷத்தில் ஒரு புகார்கூட இல்லை!"

அந்த இரண்டாவது வருஷத்தில் காக்களூர் யூனிட்டை மூடிவிட்டார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. பூட்டின கேட்டிலிருந்து யார் புகார் எழுதுவார்கள்?

"சார், நான் திரும்ப வாங்கல சார். அதுவா ஆஃப் ஆயிடுச்சி சார்," என்றாள் குணசுந்தரி, மைக்கிலேயே.

"பார்த்தீர்களா, இந்த அடக்கம்!" என்றார் அருணாச்சலம். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. சந்திரகலாதான் கடைசியாக நிறுத்தினாள்.

இருந்தாலும் மைக்கில் சொன்ன சொல் வீணாகவில்லை. வியாழக்கிழமை காலை எட்டரைக்கு மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழு வந்தது. அருணாச்சலம் ஒருவர், மற்ற இருவர் கையெழுத்துக்கு. டீ வந்தது, பிஸ்கட் வந்தது. குணசுந்தரி பட்டனை அமுக்கினாள். இருபத்திரண்டு நிமிஷம் வட்டம் சுற்றியது. பிஸ்கட் தீர்ந்த நேரத்துக்குத் திரை திறந்தது. ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த பெட்டி, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண் மாதிரி அவ்வளவு சமத்தாக ஓடியது. அரை மணி நேரம் குழு கண் கொட்டாமல் பார்த்தது.

"திறக்கவே இருபத்திரெண்டு நிமிஷம் ஆச்சே சார்."

"திறந்ததா, இல்லையா?"

"திறந்துச்சி."

"அப்புறம் என்னம்மா?"

மூன்று பேரும் 'பழுது இல்லை' என்று ஆளுக்கொரு ஸ்டிக்கரில் கையெழுத்துப் போட, மணிகண்டன் மூன்றையும் வரிசையாக ஒட்டினான். அவர்கள் கான்கிரீட் பாதையைத் தாண்டவில்லை, பொசுக். குணசுந்தரி செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்க் கூப்பிட்டாள். அருணாச்சலம் நின்று, பொறுமையாகவே விளக்கினார். "ஆய்வு நேரம் முடிந்துவிட்டது அம்மா. ஆய்வு நேரத்துக்குள் நின்றால் அது பழுது. வெளியே நின்றால் அது நிகழ்வு. நிகழ்வுக்கு எங்களிடம் படிவம் இல்லை."

ஆனால் அவரும் மனுஷர். ஒரு பெண் செருப்பில்லாமல் வெயிலில் நிற்பதைப் பார்த்து மனம் இளகி, 'ஐந்து ஏன்' கூட்டம் ஒன்றைக் கூட்டினார். அதாவது எந்தச் சிக்கலானாலும் ஐந்து முறை ஏன் என்று கேட்டால் மூல காரணம் வந்து நிற்கும். வெள்ளைப் பலகையில் மணிகண்டன் எழுதினான். கம்ப்யூட்டர் ஏன் ஆஃப் ஆகிறது? ஆனில் இருப்பதால். ஏன் ஆனில் இருக்கிறது? குணசுந்தரி ஆன் செய்வதால். ஏன் ஆன் செய்கிறார்? பதிவு போட. ஏன் பதிவு போடுகிறார்? அது அவருடைய வேலை என்பதால். ஏன் அவருடைய வேலை? அவர் வேலைக்கு வருவதால்.

அவ்வளவு தெளிவாக ஒரு மூல காரணத்தை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. பலகையைப் போட்டோ எடுத்தார்கள். 'மூல காரணம் கண்டறியப்பட்டது' என்று முப்பத்தேழாவது ஸ்டிக்கர் விழுந்தது. மூல காரணத்துக்குப் பட்டனைச் சரியாக அமுக்குவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள். பயிற்சி முடிந்ததற்கு முப்பத்தெட்டு.

பயிற்சியிலிருந்து திரும்பி வந்தபோது சந்திரகலா மேசையில் கன்னத்தை வைத்துக் கொண்டு கேட்டாள்: "கஷ்டமா இருந்துச்சாக்கா? எனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, நானா அமுக்கிக்கினேன். அதான் கேட்டேன்."

குணசுந்தரி தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறக்காமலே வாயில் வைத்துக் குடித்தாள் என்று அஞ்சம்மாள் சொல்கிறாள்.

விஷயத்தைக் கண்டுபிடித்ததும் அஞ்சம்மாள்தான். மறுநாள் தன் டப்பாவை எடுக்க வந்தவள் பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துவிட்டு, தோசைக்கல்லில் பட்ட மாதிரி இழுத்துக்கொண்டாள்.

"இன்னா குணா இது, கொதிக்குது! மூச்சு உடற ஓட்டையெல்லாம் அடச்சி ஒட்டி வச்சிக்கிறானுங்களே! என் ஊட்டு மிக்சி அடில ஒரு வாட்டி துணி மாட்டிக்கினு இப்டித்தான் சூடாயி சூடாயி நின்னுது. துணிய உருவுனேன், ஓடுச்சி. அந்தப் புள்ளையோடதப் பாரு, ஓட்டயெல்லாம் தொறந்து கீது, ஜில்லுனு கீது."

குணசுந்தரி பார்த்தாள். சந்திரகலாவின் கம்ப்யூட்டரில் மூன்றே ஸ்டிக்கர், மூக்குத்தி போட்ட மாதிரி ஒரு ஓரத்தில். மிச்சமெல்லாம் சல்லடை. அதன் அருகே கையைக் கொண்டுபோனால் காற்று வந்தது. கம்ப்யூட்டர்கூட அவளிடம் என்றால் மூச்சு விடுகிறது.

தன் பெட்டிக்கு வந்து, ஒரு ஸ்டிக்கரின் முனையை நகத்தால் கிளப்பினாள். அவ்வளவுதான், நடைபாதையில் மணிகண்டன் நின்றிருந்தான். வந்து, கிளம்பிய முனைமேல் 'சேதமடைந்த ஸ்டிக்கர்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனான். முப்பத்தொன்பது.

அவள் நேராக அருணாச்சலத்தின் அறைக்குப் போனாள். "சார், ஸ்டிக்கர எடுத்துட்டா ஓடும் சார். ஓட்டய அடச்சிக்கினு கீது."

அருணாச்சலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, ஸ்டிக்கர் என்பது என்ன? சாட்சி. ஸ்டிக்கர் இல்லாமல் ஒரு கம்ப்யூட்டர் ஓடினால், அது ஓடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஸ்டிக்கர் இருக்கிற கம்ப்யூட்டர் ஓடாவிட்டாலும், அது ஓடுகிறது என்று பதிவு இருக்கிறது. கம்பெனி பதிவில்தான் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் இல்லை."

"எடுக்கவே முடியாதா சார்?"

"ஏன் முடியாது? இடமாற்றம் ஆனால் எடுக்கலாம். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும்போது பழையதையெல்லாம் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டுவோம்."

"அப்போ எத வேணா எங்கனா மாத்திக் குடுங்க சார்."

"பழுதான சொத்தை இடம் மாற்ற விதி இல்லை. உங்களுடையது பழுதில்லாதது என்று சான்று இருக்கிறது. பழுதில்லாததை எதற்கு மாற்ற வேண்டும்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் வஞ்சகம் இல்லை. அதுதான் பேஜாரு.

வெளியே வந்தவள் கேட் பலகையில் பச்சைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்காலிக்கு இன்னும் பதினெட்டு நாள். தன் பெட்டியிலிருந்து ஸ்டிக்கரை எடுக்க முடியாது. சரி. சந்திரகலாவின் பெட்டியில் ஸ்டிக்கர் ஏறினால்?

புகார் எழுதினால் பொறாமை என்பார்கள். குணசுந்தரி புகார் எழுதவில்லை. ஒரு முழு வெள்ளைத்தாள் எடுத்து, மை பேனாவால், கையாலேயே, பாராட்டு எழுதி யோசனைப் பெட்டியில் போட்டாள்:

'ஐயா, எங்கள் ஸ்டோர்ஸில் திருமதி சந்திரகலா அவர்களின் கம்ப்யூட்டர் வேகத்திலும் சுத்தத்திலும் ஒழுக்கத்திலும் கம்பெனிக்கே எடுத்துக்காட்டாக உள்ளது. அவரைப் போன்ற பொறுப்பானவரை நான் என் பதினான்கு வருஷ சர்வீஸில் கண்டதில்லை. அந்தக் கம்ப்யூட்டரை மாதிரிக் கம்ப்யூட்டராக அறிவித்து, எல்லாப் பிரிவினரும் வந்து பார்த்துப் பயன்பெற வழி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

யோசனைப் பெட்டி வைத்து ஆறு வருஷத்தில் வந்த முதல் யோசனை அது. அருணாச்சலம் இரண்டு முறை படித்தார். மறுநாளே மேசைமேல் பலகை ஏறியது: 'மாதிரிக் கம்ப்யூட்டர்'. ரிப்பன் கட்டினார்கள். மாதிரி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ராத்திரியிலும் அணைக்கக் கூடாது என்று உத்தரவு. முலாம் பூசுகிற பிரிவு வந்து பார்த்தது. உலைப் பிரிவு வந்தது. பேக்கிங், செக்யூரிட்டி, தோட்டவேலை என்று ஒவ்வொரு பிரிவும் வரிசையில் வந்து பார்த்தது. ஒவ்வொரு பிரிவும் போன பிறகு மணிகண்டன் 'பார்வையிட்டது' என்று ஒன்று ஒட்டினான்.

சந்திரகலாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினம் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தாள். "மணி, தோ இந்தப் பக்கம் கொஞ்சம் காலியா கீது பாரு, இங்கியும் ஒன்னு ஒட்டு," என்று அவளே சொன்னாள்.

குணசுந்தரி எண்ணினாள். வருகிறவர்களுக்கு வேகத்தைக் காட்டச் சந்திரகலா ஒரு தடவை அணைத்துத் திறப்பாள். பதினோரு விநாடி பதினைந்து ஆயிற்று. நாற்பது ஆயிற்று. ஒரு புதன்கிழமை, செக்யூரிட்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொசுக். அந்தப் பொசுக் குணசுந்தரியின் காதில் நாதஸ்வரம் மாதிரி விழுந்தது. மறுபடி திறக்க ஒன்பது நிமிஷம். அடுத்த வாரம் பதினெட்டு.

"இன்னாமே, இன்னும் ஓபன் ஆவலயா?" என்று நாற்காலியைத் திருப்பினாள் குணசுந்தரி. குட்டைக்கால் நாற்காலி லேசில் திரும்பாது, தூக்கித் திருப்பினாள். "பாவம்மே நீ."

ஆனால் பொறாமையில் நிம்மதி கிடையாது. ஸ்டிக்கர் ஏற ஏறக் கேட் பலகையில் சந்திரகலாவின் போட்டோவும் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் அது வாசலில் வருகிற லாரிக்காரர்கள் இறங்கி நின்று பார்க்கிற அளவு ஆயிற்று. குணசுந்தரி பல்லைக் கடித்துக்கொண்டாள். வைகாசி ஒன்றுக்கு முந்தின நாள் சந்திரகலாவின் குறியீடும் சிவப்புக்கு வந்தது. இரண்டு பேரும் சிவப்பு. இரண்டு பேரும் சமம் என்றால் சர்வீஸ்தானே பார்ப்பார்கள்?

வைகாசி ஒன்று அன்று குணசுந்தரி வாடாமல்லி நிறச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ரயிலில் உட்காரக்கூட இல்லை, கசங்கிவிடும் என்று. கூட்டத்தில் முதல் வரிசையில் நின்றாள்.

அருணாச்சலம் தொண்டையைச் செருமினார். "வேகக் குறியீடு இருவருக்கும் ஒன்றே. ஆகவே குழு ஆழமாகப் பரிசீலித்தது. குணசுந்தரி அம்மாவின் கம்ப்யூட்டரில் பழுது இல்லை என்று மூன்று சான்றுகள் உள்ளன. ஆகவே அங்கே உள்ள தாமதம் அவருடைய தாமதம். சந்திரகலா அம்மாவுடையது மாதிரிக் கம்ப்யூட்டர். மாதிரியில் தாமதம் இருக்க முடியாது. ஆகவே அங்கே உள்ளது தாமதம் அல்ல, நிதானம். சீனியருக்கு வேண்டியது நிதானம்தான். இருந்தும் குழுவுக்குச் சிறு தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தைப் போக்கியது ஒரு கடிதம்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பிரித்தார். மை பேனா எழுத்து பின்பக்கம் வரை தெரிந்தது.

'அவரைப் போன்ற பொறுப்பானவரை நான் என் பதினான்கு வருஷ சர்வீஸில் கண்டதில்லை' என்ற வரியை அவர் இரண்டு முறை படித்தார். கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. சந்திரகலா ஓடிவந்து குணசுந்தரியைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். வாடாமல்லி சேலை முழுக்கக் கசங்கிற்று.

"அக்கா, என் கூடப் பொறந்தவகூட என்னிய பத்தி இப்டி எழுத மாட்டாக்கா. நான் உன்ன எவ்ளோ தப்பா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா?"

"பரவால்லமே," என்றாள் குணசுந்தரி.

பெருந்தன்மைக்குப் பரிசு உண்டு என்று அருணாச்சலம் சேர்த்துச் சொன்னார். மாதிரிக் கம்ப்யூட்டரை இடம் மாற்றக் கூடாது. மாற்றினால் பார்வையிட வருகிறவர்கள் தேடுவார்கள். ஆகவே அது அங்கேயே இருக்கும். இன்று முதல் அதன் பொறுப்பாளர் குணசுந்தரி. சந்திரகலாவுக்குக் கண்ணாடி அறையில் போட, குணசுந்தரியின் பழைய கம்ப்யூட்டர் போகும். பழுது இல்லை என்று மூன்று சான்று இருப்பதால் இடமாற்றத்துக்குத் தடை இல்லை.

மத்தியானமே மணிகண்டன் ஒரு பிளேடும் மண்ணெண்ணெய்த் துணியும் கொண்டுவந்தான். முப்பத்தொன்பது ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்தான். பதினோரு வருஷம் கழித்து ஓட்டைகள் வெளியே வந்தன. அஞ்சம்மாள் ஒரு துடைப்பக்குச்சியால் குத்திவிட, உள்ளேயிருந்து பஞ்சு மாதிரி ஒரு உருண்டை தூசி விழுந்தது. ஓரமாக, மேலே, ஒரே ஒரு புது ஸ்டிக்கர். அதற்கும் குங்குமம் வைத்தாள் சந்திரகலா.

மறுநாள் எட்டரை மணிக்குக் குணசுந்தரி மாதிரிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மூன்று மாதமாக ஆசைப்பட்ட கம்ப்யூட்டர். கறுப்பு, மெலிசு, பக்கத்தில் மணிபிளான்ட். இலை இரண்டு பழுத்திருந்தது. கம்ப்யூட்டர் ராத்திரி எப்போதோ நின்று போயிருந்தது. பட்டனை அமுக்கினாள். வட்டம் சுற்றியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சந்திரகலா தன் பட்டனை அமுக்கினாள். பழக்கதோஷம், குணசுந்தரியின் உதடு அசையாமல் எண்ண ஆரம்பித்தது. அறுபது, எழுபது, எண்பது. தொண்ணூறில் திறந்துகொண்டது. அவளுடைய கம்ப்யூட்டர். பதினோரு வருஷம் அவள் கையில் இருந்த கம்ப்யூட்டர். ஒன்றரை நிமிஷத்தில்.

பத்து மணிக்குச் சந்திரகலா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, உன் பழைய கம்ப்யூட்டரு சூப்பரா ஓடுதுக்கா! காலைலேர்ந்து ஒரு வாட்டிகூட நிக்கல. இதப் போயா அவ்ளோ கொற சொல்லிக்கினு இருந்த?" பிறகு குரலைத் தாழ்த்தி, ஆறுதலாக, "கைராசிதான்க்கா. அது அது கையப் பொறுத்தது," என்றாள்.

குணசுந்தரி மணிகண்டனைப் பிடித்தாள். "மணி, இதுல கொஞ்சம் எடுத்து உடுப்பா."

"மாதிரில இருந்தாக்கா?" என்று கேட்டுவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு அவன் போய்விட்டான். அவள் பொறுப்பேற்றதற்கு ஒன்று ஒட்டிவிட்டுத்தான் போனான்.

கொஞ்ச நேரத்தில் அஞ்சம்மாள் எட்டு டிபன் பாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தாள். மாதிரிக் கம்ப்யூட்டர்மேல் கையை வைத்துப் பார்த்து முகம் மலர்ந்தாள். "ஐயே, குணா! அதவிட இது நல்லா சூடாவுதுமே! பன்னண்டுக்கெல்லாம் ரெடி ஆயிடும் போல கீது!"

கண்ணாடி அறையில் நாற்காலியின் இரண்டு கைமேலும் இரண்டு கையை வைத்து உட்கார்ந்திருந்த சந்திரகலா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அக்கா, இதையும் அங்க வச்சிடேன். என்னிது சூடே ஆவ மாட்டேங்குது, எல்லாம் ஜில்லுனு கீது." ஆவி பறக்கப்போகிற எட்டு டப்பாவையும் ஒரு பார்வை பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "குடுத்து வச்சவக்கா நீ."

குணசுந்தரி டப்பாவை வாங்கினாள். அந்தப் பெருமூச்சு நிஜமானது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பெருமூச்சுகளில் அவளுக்குப் பதினான்கு வருஷ சர்வீஸ். பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து, இங்கும் அங்கும் தடவி, சூடு குறைவாக இருந்த மூலையைக் கண்டுபிடித்து, சந்திரகலாவின் டப்பாவை அங்கே வைத்தாள்.